ஓடாத காருக்கும் ஆயில் மாற்ற வேண்டும்: உப்புக்காற்றில் பழைய காரைக் காப்பாற்றுவது எப்படி?

"வண்டி ஓடவே இல்லையே தம்பி, அப்புறம் எதுக்கு ஆயில் மாத்தணும்?"

தூத்துக்குடியில் பழைய கார் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரியும். கார் 2011-ல் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, நடுவில் ஒருநாள் மார்க்கெட்டுக்கு, வருடத்துக்கு இரண்டு முறை திருச்செந்தூர், ஒருமுறை மதுரை. எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் தேறாது. 'அடுத்த சர்வீஸ் 10,000 கி.மீ. கழித்து' என்று பட்டறையில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியானால் மூன்று வருடம் கவலையில்லை, இல்லையா?

கணக்கு சரிதான். ஆனால் அது பாதிக் கணக்கு. காரோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்து, பராமரிப்பு அட்டவணை இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கும் இருக்கும். பெரும்பாலான கார்களில் '10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்று போட்டிருப்பார்கள். இன்னும் பழைய வண்டிகளில் 5,000 கி.மீ. என்றுகூட இருக்கும். அந்த 'எது முதலில்' என்பதைத்தான் நாம் படிக்காமல் விட்டுவிடுகிறோம். குறைவாக ஓடும் காருக்கு எப்போதும் முதலில் வருவது மாதம்தான்.

நின்ற இடத்திலேயே கெடும் ஆயில்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. கேட்கும்போது வியப்பாக இருக்கும், ஆனால் பள்ளியில் படித்த வேதியியல்தான் இது. அந்த ஆவியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாக இறங்கி, அடியில் இருக்கும் ஆயிலில் கலக்கும். எரியாத பெட்ரோலும் கரியும் அதோடு சேரும்.

நீண்ட தூரம் ஓடினால் இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆயில் நன்றாகச் சூடாகும்போது அந்த ஈரம் மறுபடி ஆவியாகிப் போய்விடும். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கும் மார்க்கெட்டுக்குப் போய் வரும் காரில்தான் சிக்கல். டேஷ்போர்டில் வெப்ப முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் முழுசாகச் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் வீடு வந்து சேர்ந்து எஞ்சினை நிறுத்திவிடுவோம். ஈரம் உள்ளேயே தங்கும், அமிலம் உண்டாகும், அதை முறிப்பதற்காக ஆயிலில் சேர்த்திருக்கும் மருந்து தீர்ந்துபோகும். பிறகு ஆயில் கெட்டிப்பட்டு, கறுத்த மண்டியாக எஞ்சினின் நுண்ணிய வழிகளில் படியத் தொடங்கும்.

எங்கள் வீட்டுக் காரிலேயே இதைப் பார்த்தேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி வெளிர்மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதற்கு முந்தைய பதினான்கு மாதத்தில் வண்டி ஓடியது 2,000 கிலோமீட்டருக்கும் குறைவு. மூடியில் மட்டும் லேசாக இப்படி இருந்தால் அது பெரும்பாலும் குறுகிய பயணங்களில் தங்கிய ஈரம்தான். ஆயிலை மாற்றிவிட்டு ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டினால் சரியாகிவிடும். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே பால் கலந்த டீ மாதிரி இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு. கூலன்ட் ஆயிலுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

சரி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். குறுகிய தூரம், தூசி, அதிக வெயில் என்றால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தூத்துக்குடியில் ஊருக்குள் மட்டும் ஓடும் கார் இந்த மூன்றிலும் வந்துவிடும். என் அபிப்பிராயம், அப்படிப்பட்ட பழைய காருக்கு ஆறு மாதம் அல்லது 5,000 கி.மீ. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடும் கார் என்றால், கையேட்டில் உள்ள ஒரு வருடமே போதும். ஆனால் ஒரு வருடத்தைத் தாண்டவே வேண்டாம்.

எந்த ஆயில், எவ்வளவு ஆயில்

"பழைய வண்டியா? நல்ல கெட்டி ஆயிலாப் போடுங்க" என்று பட்டறையில் சொல்வார்கள். ஆயில் குடிக்கிற, தேய்ந்துபோன எஞ்சினுக்கு அது சில நேரம் பொருந்தும். எல்லாப் பழைய வண்டிக்கும் பொருந்தாது. கேனில் 20டபிள்யூ-40, 10டபிள்யூ-30, 5டபிள்யூ-30 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் சிறிதாக இருந்தால், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் வேகமாக மேலே ஏறும். இரண்டாவது எண் சூடான நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. கையேட்டில் சொன்ன எண்ணைத்தான் முதலில் பின்பற்ற வேண்டும். கூடவே ஏ.பி.ஐ. தரத்தையும் பாருங்கள்: எஸ்-ல் தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, சி-யில் தொடங்கினால் டீசலுக்கு. சீல் உடையாத கேனை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்ய அந்தப் பில்தான் ஆதாரம்.

ஆயிலை மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். பழைய ஃபில்டருக்குள் தங்கிய அழுக்கு ஆயில் புதியதோடு கலந்துவிட்டால் செலவழித்ததில் பாதி வீண். அடி போல்ட்டின் வாஷரும் புதிதாக இருக்கட்டும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் மண்டியும் சேர்ந்து இறங்கும். நீங்களே செய்கிற ஆள் என்றால் ஒரு எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

ஆயில் மாற்றியதோடு வேலை முடியவில்லை. பழைய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். ஓட்டும்போது ஆயில் குடுவைப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், "வீடு பக்கத்துலதான, போயிடலாம்" என்று ஓட்டக்கூடாது. அந்த விளக்கு எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று சொல்கிறது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். அடுத்த சில நிமிட ஓட்டமே எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் அளவுக்குக் கொண்டுபோய்விடலாம்.

நம்ம ஊர் உப்பு

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களுக்கு. ஊருக்குச் சோறு போடும் அதே உப்புதான் காரைத் தின்கிறது. காற்றில் வருவது ஒரு பக்கம். நாமே ஊற்றுவது இன்னொரு பக்கம்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதைச் சொல்கிறேன். இங்கே பல தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அது ரேடியேட்டருக்குள் போனால் குழாய்களில் சுண்ணம் படியும், உலோகம் அரிக்கும், கடைசியில் மே மாத வெயிலில் திருநெல்வேலிச் சாலையில் புகை கக்கும். கலந்து தயாராக வரும் கூலன்ட்டை வாங்கி ஊற்றுங்கள். அடர் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும். கையேட்டில் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக வடித்து மாற்றலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பிரேக் ஆயிலுக்கும் மாதக் கணக்குதான். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் திரவம். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டு, இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து வரும்போது அது கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால்தான் தெரியும். கார் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அடிப்பகுதியை மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். கதவுகளின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும், மழைத் தண்ணீர் வடிய வைத்தவை. அவை மண்ணில் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் கொப்பளிக்கும் வரை நமக்குத் தெரியாது. பிளாஸ்டிக் கவர் போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பதும் நல்லதில்லை. அது உப்பீரத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறது. காற்று புகும் துணிக் கவர் தேவலை. ஏர் ஃபில்டரை, குறிப்பாகத் துறைமுகச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்கள், ஆயில் மாற்றும்போதெல்லாம் திறந்து பாருங்கள்.

மாதக் கணக்கில் வயதாகும் மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டிருந்தால் நெடுஞ்சாலைக்கு அது ஆகாது. அடுத்தது டைமிங் பெல்ட். சில கார்களில் செயின் இருக்கும், சிலவற்றில் பெல்ட். உங்கள் காரில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் அதற்கும் கிலோமீட்டர், வருடம் என இரண்டு கெடுவும் உண்டு. ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் கொஞ்சம் முன்னதாக மாற்ற வேண்டியிருக்கலாம், அதை வழக்கமான சர்வீஸிலேயே செய்துகொள்ளலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் விளக்கம் தந்தது. ஆகவே சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் டியூப்களையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

2023 டிசம்பர் மறக்காது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தெருவெல்லாம் தண்ணீர், அதில் பாதி மூழ்கிய கார்கள். தண்ணீர் வடிந்ததும் எவருக்கும் தோன்றுவது, ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்ப்பது. அதைத்தான் செய்யக்கூடாது.

சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலை மாற்றிச் சரிசெய்திருக்கக்கூடிய வண்டி, ஒரு சாவித் திருகலில் எஞ்சின் வேலைக்குப் போய்விடும். வெள்ளச் சேதத்தை ஏற்கும் முழுக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை, எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு எடுத்திருந்தால் தவிர, நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் சொந்த வண்டிக்கு எதுவுமே கிடைக்காது. ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி போனில் படம் எடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

மாற்றிய பழைய ஆயில், சிறிய காரில்கூட ஏறக்குறைய மூன்று லிட்டர். வீட்டில் மாற்றுபவர்களில் சிலர் அதைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். சிலர் சென்ட்ரிங் பலகைக்கும், கரையான் பிடிக்காமலிருக்க வேலிக் கம்புகளுக்கும் தடவுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பயன்படுத்திய ஆயிலில் எஞ்சினிலிருந்து தேய்ந்த உலோகத் துகளும் எரிபொருள் நச்சும் கலந்திருக்கும். 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் அது அபாயகரமான கழிவு.

தூத்துக்குடியில் சாக்கடைக்குப் போனது பக்கிள் ஓடைக்குப் போகும். பக்கிள் ஓடைக்குப் போனது கடலுக்குப் போகும். அந்தக் கடல் மன்னார் வளைகுடா. 21 தீவுகளோடு 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் சங்கு குளிக்க இன்றைக்கும் திரேஸ்புரத்திலிருந்து ஆட்கள் போய் அந்தத் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. புதிய ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, ஆயில் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்கே அதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு சட்டப்படி இருக்கிறது. பட்டறையில் மாற்றுபவர்கள் "பழைய ஆயிலை யாருக்குக் கொடுக்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

15 வருடம் முடிந்தால்?

'பதினைந்து வருடம் ஆகிவிட்டால் காரை உடைத்துவிட வேண்டுமாம்' என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்பிக் காரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற வயது உத்தரவுகள் டெல்லி வட்டாரத்துக்காக வந்தவை. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி இல்லை. முதல் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு கார் தகுதியாக இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு, காப்பீடு, புகைச் சான்று மூன்றும் எந்தத் தேதி வரை என்று தெரியும். புகைச் சான்று பி.எஸ்.-4, பி.எஸ்.-6 வண்டிகளுக்கு ஒரு வருடம், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம். ஆயில் மாற்றத்தையும் புகைச் சான்றையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது, பரிசோதனைக்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம்.

பதிவு முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து பரிவாஹன் தளத்தில் படிவம் 25 வழியாக விண்ணப்பிக்கலாம். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000. வண்டி 20 வருடத்தைத் தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி ரூ.10,000. மாநிலத்தின் பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு ரூ.500 கூடும்.

பிறகு வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் விளக்கு, ஹாரன், பிரேக், டயர் எல்லாம் பார்ப்பார். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவார். கடலோரத்து வண்டிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தகட்டில் குத்திய சேசிஸ் எண் துருவில் கரைந்து, படிக்க முடியாமல் போயிருக்கும். உங்கள் காரில் அந்த எண் எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். இன்றைக்கே மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், மேலே லேசாகக் கிரீஸ் தடவி, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது கிரீஸைத் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி தடவிவிடலாம்.